வயிறு என்னுடையது, கையெழுத்து உன்னுடையது

ஓசூரில் இருக்கும் என் மகனுக்கு,

அம்மாதான் எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று மூன்று தடவை சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதுதான் சௌகரியம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார். இதில் யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை, உன் பெயரையும்கூட. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். மருமகளுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்றாய். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதெல்லாம் சரி, ஆனால் அவளுடைய வேலை ஓசூரில் இருக்கிறது, அதனால் பிரசவமும் அங்கேதான், அவள் அம்மா அங்கே வந்து இருப்பார்கள் என்றாய். நல்ல யோசனைதான். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாய். "ஆஸ்பத்திரி பாத்தாச்சும்மா. டாக்டருகிட்ட எல்லாம் நானே பேசிக்கறேன். அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா பயந்துக்குவா." நான் "அப்பிடியா கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அவரை உரித்து முடிந்தது, குழம்பும் வைத்தேன், நீ சொன்னது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய துவரைத் தோல் மாதிரி போகவே இல்லை. எல்லாம் நானே பேசிக்கறேன். இந்த வார்த்தையை நம் வீட்டில் நான் இதற்கு முன்பு இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை நீ சொன்னாய். அதற்கு முன்பு ஒரு தடவை யார் சொன்னது என்பதையும் எழுதத்தான் போகிறேன். எழுதத் தைரியம் வருகிறதா பார்ப்போம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது வராண்டாவில் நடந்தது. உள்ளே நடந்தது எனக்குத்தான் தெரியும். அதை நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் பன்னிரண்டு நாள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் நின்றுகொண்டே ஒரு நாள் மயக்கம் வந்து அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன். நீ ஓசூரிலிருந்து ஓடிவந்து தர்மபுரிக்குக் கூட்டிப்போனாய். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னிடமே சொன்னார்கள், "கர்ப்பப்பையில கட்டி இருக்கும்மா. கட்டிய மட்டும் எடுத்துட்டாப் போதும், சரியாப் போயிடும்." நான் தலையாட்டினேன். அதுவரை கேட்டார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். கட்டியை எடுக்க நான் சம்மதித்தேன்.

ஆபரேஷன் அன்று எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை என்பது உனக்குத் தெரியுமா? முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள், அவ்வளவுதான். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் என் வயிறு, இந்தப் பக்கம் என் தலை. பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தைவிட வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அதிகமாக இருந்தது. மேலே வட்டமாக ஏழு லைட்டு, அதில் ஒன்று எரியவில்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லைட்டு மாற்ற ஆள் இல்லையா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டரம்மா ஊசி போட்ட டாக்டரிடம் தக்காளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தோட்டம் இருக்கிறதாம். பாலக்கோடு மார்க்கெட்டில் பெட்டி இன்ன விலைக்குப் போகிறது என்று சொன்னார்கள். அது முந்தைய வாரத்து விலை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? துணிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "நேத்து அதுலயும் பாதிதாங்க டாக்டர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "பாத்தியா, இந்தம்மாவுக்கு மார்க்கெட் நெலவரம் நம்மளவிடத் தெரியுது" என்று டாக்டரம்மா சொன்னார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு நின்றது. டாக்டரம்மா மெதுவாக ஏதோ சொன்னார்கள். "பையன் வெளிய இருக்காப்லயா? கூப்புடு" என்று ஒரு குரல் கேட்டது. கதவு திறந்தது, கதவருகே அவர்கள் பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. திரும்பி வந்து, "பையன்கிட்டக் கேட்டாச்சு" என்றார்கள். ரத்தம் ஏற்றுவதற்கோ மருந்து வாங்கி வரவோ உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, நீ கையில் காசு வைத்திருக்கிறாயோ இல்லையோ என்று கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் வார்டில், "எல்லாம் நல்லா முடிஞ்சுதாடா?" என்று கேட்டேன். நீ ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "டாக்டருகிட்ட எல்லாம் நானே பேசிட்டம்மா, நீ ரெஸ்ட் எடு" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து நாளாகத் தூங்காத பிள்ளை, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் போயிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து என் நம்பருக்கே போன். பில்லில் பாக்கி இருக்கிறது, இந்த வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்றார்கள். முதலில் சொன்ன தொகை முழுவதையும் நீ கட்டிவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். பிறகு எங்கிருந்து வந்தது பாக்கி? நீ உன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனையே இன்னும் அடைக்கவில்லை. உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே பஸ் ஏறிப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் ஒற்றைத் தாளை நீட்டினாள். ஆபரேஷன், ரூம், மருந்து, இதர. நான்கே வரி. அந்த நான்காவது வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. இருபது வருடமாகச் சத்துணவு நோட்டு எழுதுகிறவள் நான். இத்தனை பிள்ளை வந்தது, இத்தனை முட்டை போனது, இத்தனை முட்டை அழுகல் என்று தினமும் எழுதிக் கொடுக்கிறேன். என் நோட்டில் 'இதர' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதிகாரி என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். "இந்த இதரங்கறது என்னாங்க கண்ணு?" என்று கேட்டேன். "அதெல்லாம் தனித்தனியாக் குடுக்க மாட்டம்மா" என்றாள். "சரிங்க, குடுக்கற வரைக்கும் இங்க ஒக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மதியம் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டேன். கட்டுச்சோறு வாசம் வரவேற்பறை முழுக்க அடித்தது. மூன்று மணிக்கு நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

நான்கு பக்கமும் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படிப்பேனே தவிர மருந்துப் பெயரெல்லாம் எனக்கு எங்கே புரியப்போகிறது? நம் ஊர் நர்ஸக்கா இருக்கிறாரே, வீடு வீடாக வந்து தடுப்பூசிக் கணக்கு எடுப்பாரே, அவரிடம் எடுத்துப்போனேன். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னார். எனக்கு ஒரே ஆச்சரியம். கையுறை இருபத்திரண்டு ஜோடி! அவ்வளவு கை எங்கேயிருந்து வந்தது? உணவு ஆலோசனை என்று ஒரு வரி. யார் வந்து ஆலோசனை சொன்னார்கள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். வார்டு கூட்ட வந்த அம்மா, "காரம் கொறச்சுக்கோங்க" என்றார்கள், அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல, நர்ஸக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒரு வரிமேல் விரலை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, இப்ப ஒடம்பு எப்பிடி இருக்குது? அனலா அடிக்குதுங்களா?"

அடித்தது. ஒரு மாதமாகத் திடீர் திடீரென்று கழுத்திலிருந்து தலைவரை தீ மூட்டின மாதிரி ஏறும், வியர்த்துக் கொட்டும், இறங்கிவிடும். அடுப்படியில் இருப்பதால் என்று நினைத்திருந்தேன். வெயில் காலம் வேறு.

"அது அடுப்பு இல்லக்கா. கட்டி மட்டும் எடுக்கல. கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. ரெண்டு பக்கத்துச் சினைப்பையும் சேத்துத்தான். டெஸ்ட்டுக்கு அனுப்புன பில்லு இது, எடுத்தது என்னான்னு எழுதியிருக்கு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. என் உடம்பில் எது இருக்கிறது, எது இல்லை என்று நான் தெரிந்துகொண்டது ஒரு பில்லைப் பார்த்து. பாக்கி இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் தெரியாமல் அடுப்பைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேனோ! அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். பில்லில் இருந்ததைச் சொன்னேன். நீ, "ஆமாம்மா. கட்டி நெறைய இருக்குன்னாங்க. இந்த வயசுல இனிமே எதுக்குன்னாங்க. நீ பயந்துக்குவேன்னுதான் சொல்லல" என்றாய். எனக்கு அப்போது வந்த கோபத்துக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் இருபத்திரண்டு ஜோடி கையுறைக்காக உன்னைத் திட்டினேன். பில்லைப் பார்க்காமல் காசைக் கொட்டிவிட்டாய், படித்துக் கிழித்தது இதற்குத்தானா என்று கத்தினேன். அது உன் காசு. அதற்காக உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. எதற்காகத் திட்ட உரிமை இருந்ததோ அதை வாயால் சொல்லவே இல்லை. மூன்று வாரம் உன் போனை எடுக்காமல் இருந்தேனே, அது தவறு. அதற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

அந்த மூன்று வாரத்தில் நான் சும்மா இருக்கவில்லை. நர்ஸக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும், ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கிய சம்மதத் தாளை நோயாளி கேட்டால் காட்ட வேண்டும் என்று. ஒரு வெள்ளைத் தாளில் என் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். கையுறைக் கேள்வி முதல், கர்ப்பப்பைக் கேள்வி கடைசி. மேலாளரின் அறையில் டாக்டரம்மாவையும் வரச்சொன்னார்கள். இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார்கள், ஒன்று கட்டிக்கு, ஒன்று கர்ப்பப்பைக்கு. இரண்டும் இங்கிலீஷ்தான். 'எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது' என்று மேலாளர் படித்துச் சொன்ன வரிக்குப் பக்கத்தில் மட்டும் அழகாக ஒரு டிக். ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு இடம். நோயாளி கையெழுத்து என்ற இடம் கட்டிக்கு மட்டும் வாங்கிய தாளில் நிரம்பியிருந்தது. கர்ப்பப்பைக்கான தாளில் அது காலி. உறவினர் என்ற இடத்தில் உன் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கடைசி எழுத்தை இழுத்துக் கீழே ஒரு கோடு போடுவாய், கலெக்டர் மாதிரி. இது கோணி இருந்தது. பாதியில் பேனா வழுக்கி மேலே ஓடியிருந்தது. அட்டையைச் சுவரில் வைத்துப் போட்டிருக்கிறாய். உள்ளே அம்மா வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள், கதவருகே ரத்தக் கையுறையோடு ஒருவர் அவசரப்படுத்துகிறார், இருபத்தாறு வயதுப் பிள்ளை என்ன செய்வான்? உன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை டாக்டரம்மா பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஏம்மா, உங்க பையன் படிச்சவரு. அவரே ஒத்துக்கிட்டுத்தான கையெழுத்துப் போட்டிருக்காரு?" என்றார்கள்.

"அவங் கையெழுத்து அவனோடதுங்க. வயிறு என்னோடதுங்க" என்றேன்.

"ஆபரேஷன் நடுவுல உங்களை எப்பிடிம்மா கேக்க முடியும்?"

"தக்காளி வெலையச் சொன்னப்போ காது கேட்டுச்சுங்களே டாக்டர்."

மேலாளர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தக்காளிக் கதை அவருக்குத் தெரியாது. டாக்டரம்மா கெட்டவர்கள் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன் தம்பி. கட்டி நிறைய இருந்தது உண்மையாகவே இருக்கலாம். எடுத்ததும் நல்லதாகவே இருக்கலாம். என் ரத்தப்போக்கு நின்றுவிட்டது, மயக்கம் இல்லை. அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கடைசியில் குரலைத் தணித்து, "சரி, கேட்டிருந்தா நீங்க வேணாம்னா சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டார்கள்.

"தெரியலைங்களே. கேக்கலையே" என்றேன்.

சாமர்த்தியமாகப் பேச வேண்டும் என்று நான் அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. இன்றைக்கும் சில நாள் படுத்துக்கொண்டு அதை யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஏழு லைட்டுக்குக் கீழே, "அம்மா, பையையும் எடுத்துடலாமா, சினைப்பைய விட்டுடலாமா?" என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? 'உனக்கு இடம் கொடுத்த பை, போகட்டும்' என்று சொல்லியிருப்பேனா? 'இருங்க, ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன், தையலைப் போடுங்க' என்று சொல்லியிருப்பேனா? சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கும். அது என்ன என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. எனக்கு வருத்தம் அதில்தான்.

பில் விஷயம் சுலபமாக முடிந்தது. கையுறை குறைந்தது, உணவு ஆலோசனை மாயமாக மறைந்தது, 'சொல்லாமல் செய்த ஆபரேஷனுக்குப் பாக்கி கேட்கிறீர்களா' என்றதும் மிச்சத்தையும் விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் வாங்கிப் படித்தேன். இதுமட்டும் தமிழில் இருந்தது, பார்த்தாயா! சிகிச்சை குறித்து எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, என் நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதினேன்: 'பில் திருத்தப்பட்டது. எடுத்த உறுப்புகளுக்கு என்னிடம் அனுமதி கேட்கப்படவில்லை.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். மேலாளர், "இப்பிடியெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்றார். "எழுதியாச்சுங்களே" என்றேன். அதன் நகலை வைத்து ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். இன்னும் முடியவில்லை, நானும் விடவில்லை.

இதுவரை படித்துவிட்டு அம்மா பெரிய வீராங்கனை என்று நினைத்துவிடாதே. கையெழுத்து வாங்குவது எப்படி என்று என்னைக் கேள், நான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் திங்கட்கிழமையே வெள்ளி வரைக்கும் வாங்கிவிடுவேன். வியாழக்கிழமை சாம்பார் எப்படி இருந்தது என்று திங்கட்கிழமையே சாட்சி! ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அதை நிறுத்திவிட்டேன். தினமும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். "என்னாங்க இது புதுப் பழக்கம்?" என்று டீச்சர் அலுத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு நாள் உப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இருபது வருடத்தில் முதல் தடவை.

சரி. இனிமேல்தான் தைரியம் வேண்டிய இடம்.

எல்லாம் நானே பேசிக்கறேன் என்ற வார்த்தையை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று யோசித்தாயா? நீ காலேஜில் இரண்டாம் வருடம். உன் அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் என்னையும் உன்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வரும்போது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாத. பயந்துக்குவாரு. எல்லாம் நானே பேசிக்கறேன்." பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர், "என்னாடி போட்டிருக்கு ரிப்போர்ட்ல?" என்று கேட்டார். "அல்சருங்க" என்றேன். "அவ்வளவுதானா?" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார்.

அல்சர் என்றால் காரம் ஆகாது என்று அவருக்கும் தெரியும். அன்றைக்கே மிளகாயை விட்டார். உன் அப்பாவை உனக்குத் தெரியுமே. களிக்கு மிளகாய்ச் சட்னி இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறவர், பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பவர். "சொகமாயிட்டா திரும்பச் சாப்ட்டுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு எட்டு மாதம் மோரும் உப்பில்லாக் கஞ்சியுமாகக் குடித்தார். அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பொய்யை அவர் பத்தியம் இருந்து காப்பாற்றினார். டாக்டர் என்னிடம், "அவருக்கு என்னா புடிக்குதோ குடுங்கம்மா" என்று சொல்லியிருந்தார். கொடுத்தால் பொய் வெளிப்பட்டுவிடுமே என்று கொடுக்கவில்லை. அடுத்த போகத்துக்குத் தக்காளி நாற்றுக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அவரைக் கேட்டிருந்தால் பயந்திருப்பார். அழுதிருப்பார். அதற்கப்புறம் மறுநாள் காலையில் மிளகாய்ச் சட்னி கேட்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன். எட்டு மாதமும் காரத்தோடு சாப்பிட்டிருப்பார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வார்டில் அந்த அம்மா, "காரம் கொறச்சுக்கோங்க" என்றபோது எனக்கு ஏன் அவ்வளவு அழுகை வந்தது என்று நீ கேட்டாயே, தையல் வலி என்று சொன்னேன். தையல் வலி இல்லை, கண்ணு.

ஆக, நீ எனக்குச் செய்தது நான் உன் கண் முன்னால் உன் அப்பாவுக்குச் செய்ததுதான். பாசத்தில்தான் செய்தாய், நானும் பாசத்தில்தான் செய்தேன். டாக்டரம்மாவைக் கேள்வி கேட்கக் கிளம்பினவளுக்கு இதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. இது மூன்றாவதாக ஒருத்திக்கும் போக வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதம். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மருமகள் முன் நாற்காலியில் உட்காரட்டும், நீ பக்கத்தில் உட்கார். டாக்டர் உன்னைப் பார்த்துப் பேசினால் நீ அவளைப் பார். அவர் பார்வையும் தானாகத் திரும்பும், நான் செய்து பார்த்திருக்கிறேன். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டுமென்றால் ஏன், எப்போது என்று அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்லச் சொல். சம்மதத் தாளை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்து இரண்டு பேரும் படியுங்கள். என்ன செலவு, எதற்கு என்பதை எழுத்தில் கேள். 'இதர' இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. அவளால் பேச முடியாத அவசரம் வந்தால் நீதான் பேச வேண்டும், அது எனக்கும் தெரியும். அப்போது நீ என்ன சொல்ல வேண்டும் என்பதை இப்போதே அவளிடம் கேட்டு வைத்துக்கொள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள், யோசிப்பாள். நீ "சரி, சரி" என்று முடித்துவிடாமல் காத்திரு. பயந்தால் பயப்படட்டும். பயந்தவர்களுக்கும் பதில் சொல்லத் தெரியும்.

இப்போது அந்தப் பெயர் விஷயம். சத்துணவு வேலையில் இருக்கும் நாங்கள் சேர்ந்து ஒரு சின்ன மாத இதழ் நடத்துகிறோம். நர்ஸக்கா என் கதையை அவர்களிடம் சொல்லிவிட்டார். மகனுக்கு எழுதுவது மாதிரி எழுதிக் கொடுங்கள், நாலு பெண்களுக்கு உபயோகப்படும் என்று கேட்டார்கள். அதனால்தான் பெயர் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் நம் ஊரில் படிக்கிறவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும், உன் ஆபீசில்கூட யாராவது கண்டுபிடிக்கலாம். அப்பாவிடம் கேட்க வழியில்லை, அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். உங்கள் இரண்டு பேரிடமும் கேட்காமல் இதைக் கொடுக்க மாட்டேன்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு விட்டிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று மருமகளுக்கு. முழுவதும் படித்துவிட்டு, சரி என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், நான் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன். இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். அவசரம் ஒன்றும் இல்லை. ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன் கண்ணு, அவளுடைய கோட்டில் நீ போட்டுவிடாதே.

இப்படிக்கு,
அம்மா